பழைய வீட்டு வயரிங்: வட சென்னையில் வீடு வாங்கியவர்கள் எதிலிருந்து தொடங்குவது?

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் முதல் மாதத்திலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள், பாத்ரூம் டைல்ஸ் மாற்றுகிறார்கள், ஹாலுக்கு ஒரு ஏ.சி. வாங்குகிறார்கள். வயரிங் மட்டும் "கரண்ட்தான் வருதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. மே மாத ராத்திரியில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மோட்டாரைப் போட, மொத்த வீடும் இருட்டாகிவிடும். அப்போதுதான் என்னைப் போன்ற வயர்மேனுக்கு போன் வரும். அந்த நேரத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

வரிசை ரொம்ப முக்கியம். கையில் பணம் குறைவாக இருந்தால், மெயின் போர்டைப் பார்த்த பிறகு முதலில் எர்த் (கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு), அடுத்து ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் சுவிட்ச்), பிறகு வயர், கடைசியில் ஏ.சி., கீசர். பளபளக்கும் மாடுலர் சுவிட்சுகளுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி இருந்தால் பல வீடுகளில் முதல் இரண்டு வேலையும் முடிந்துவிடும். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

உப்புக் காற்று என்ன செய்கிறது?

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பாருங்கள் (மெயினை அணைத்துவிட்டுத்தான்). பித்தளை டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கும். ஸ்க்ரூவின் தலை துருவில் தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காமல் வழுக்கும். உள்ளே போகிற செம்புக் கம்பியின் நுனி கருத்திருக்கும். முப்பது நாற்பது வருஷத்து வயராக இருந்தால், மேலே இருக்கிற உறையை விரலால் லேசாக வளைத்தாலே அப்பளம் மாதிரி நொறுங்கும்.

துருப்பிடித்த இடத்தில் கம்பிக்கும் டெர்மினலுக்கும் பிடிப்பு குறைகிறது. பிடிப்பு குறைந்தால் அந்த இடத்தில் மின்தடை ஏறும், சூடு ஏறும், சூட்டில் ஸ்க்ரூ இன்னும் தளரும். இப்படியே போய் ஒருநாள் பிளக் பாயிண்ட் பழுப்பாகி, கருகல் வாசம் வரும். பேன் போட்டால் லைட் மினுக்குவது, பிளக்கைச் செருகும்போது "சர்" என்று சத்தம் வருவது, சுவிட்ச் பிளேட் தொட்டால் சுடுவது எல்லாம் இதன் ஆரம்ப அறிகுறிகள். இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த லைனை அன்றைக்கே நிறுத்தி வையுங்கள். லூஸ் கனெக்ஷனில் சூடு ஏறும்போது எம்.சி.பி. (கரண்ட் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது. ஓடுகிற கரண்ட் அளவுக்குள்தானே இருக்கிறது, அதனால் அதற்குத் தெரியவே தெரியாது.

கடலோர வீடுகளில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லா போர்டுகளையும் திறந்து ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

முதல் படி: மெயின் போர்டைப் பாருங்கள்

மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு. மீட்டர் சீலை யாரும் தொடக்கூடாது, உங்கள் வயர்மேனும்தான். சர்வீஸ் வயர் (வெளியிலிருந்து மீட்டருக்கு வரும் வயர்) உரிந்திருந்தாலோ மீட்டர் பாக்ஸ் கருகியிருந்தாலோ ஈ.பி. ஆபீசில் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம். சர்வீஸ் கனெக்ஷன் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைத் தாண்டியதும் பீங்கான் பீஸ் கட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். மின்ட், சவுக்கார்பேட்டைப் பக்கப் பழைய கட்டடங்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. பீஸ் கட்டை தானாகக் கெட்ட பொருள் இல்லை. ஆனால் பீஸ் போனபோதெல்லாம் கையில் கிடைத்த வயரிலிருந்து ஒரு இழையை உருவிக் கட்டியிருப்பார்கள். மறுபடி போனால் இரண்டு இழை. சில வருஷத்தில் அந்தக் கட்டையில் இருப்பது உருகவே உருகாத கம்பி. உருக வேண்டிய கம்பி உருகவில்லை என்றால் சுவருக்குள் ஓடுகிற வயர்தான் உருகும்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பழைய போர்டுகளில் பேசுக்கு (கரண்ட் வருகிற கம்பி) ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்புகிற கம்பி) ஒன்று என்று இரண்டு பீஸ் கட்டை இருக்கும். நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் லைட் எரியாது, பேன் சுற்றாது. "கரண்ட் இல்லை" என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பார்கள், அங்கே 230 வோல்ட் உயிரோடு இருக்கும். நியூட்ரலில் தனி பீஸ் இருக்கவே கூடாது. இப்படிப்பட்ட போர்டைத் திருத்தப் பார்க்காதீர்கள், எடுத்துவிட்டு எம்.சி.பி. உள்ள டி.பி. பாக்ஸ் (ஒவ்வொரு அறைக்கும் லைன் பிரிகிற பெட்டி) வையுங்கள்.

அதே நாளில் செய்யக்கூடிய ஒரு சோதனை: சுவிட்சை அணைத்துவிட்டு, வயர்மேனை விட்டு லைட் ஹோல்டரில் பேஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் பல்பு மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஆபத்து. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி நீங்களாகக் கை வைக்காதீர்கள். காய்ந்த பலகையில் ஏறி நின்றால் டெஸ்டர் எரியாமலே போகலாம், உள்ளே கரண்ட் இருந்தாலும்.

இரண்டாவது படி: எர்த்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

"தம்பி, கிரைண்டரைத் தொட்டா ஜிவ்வுன்னு அடிக்குது. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியலை, அதான் செருப்பு போட்டுக்கிட்டு ஆட்டறேன்" என்று கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா சொன்னார். "அம்மா, தயவுசெஞ்சு அதை இனிமே தொடாதீங்க, பிளக்கை எடுத்துடுங்க" என்றுதான் முதலில் சொன்னேன். அந்த ஜிவ்வென்பது கிரைண்டரின் உடம்பில் கரண்ட் வந்துவிட்டது என்பதற்கான செய்தி. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கரண்ட் பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். எர்த் இல்லாததால் அந்த அம்மாவின் உடம்பு வழியாகப் போகப் பார்க்கிறது. இன்றைக்குத் தரை காய்ந்திருக்கிறது, செருப்பு காப்பாற்றுகிறது. மாவு கொட்டித் தரை ஈரமாகிற அன்றைக்குக் காப்பாற்றாது.

உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, மூன்று துளை பிளக் பாயிண்டைப் பார்த்தால் போதாது. மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பது சாதாரணம். மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். அது ஒரு எர்த் குழியில் போய் முடிய வேண்டும். பழைய வீடுகளில் அந்தக் குழியின் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள், டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், அல்லது கம்பி பாதியில் துருப்பிடித்து அறுந்திருக்கும். சிலர் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அது ஏதோ வேலை செய்தது. குழாய் பி.வி.சி.யாக மாறிய அன்றோடு அந்த எர்த் போய்விட்டது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதைவிட மோசம், இப்போது ஒரு வீட்டில் லீக் ஆனால் மீதமிருக்கிற இரும்புக் குழாயில் கரண்ட் ஏறி, குழாயைத் திறக்கிறவருக்கு ஷாக் அடிக்கும்.

இதிலெல்லாம் மிக ஆபத்தானது பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிடும் பழக்கம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் எர்த் பிரமாதமாக இருப்பதாகக் காட்டும். ஆனால் அந்த லைனின் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், வாஷிங் மெஷினின் தகர உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். "எர்த்தும் நியூட்ரலும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி இந்த இணைப்பைப் போடுகிறவரிடம் மேற்கொண்டு வேலை கொடுக்காதீர்கள்.

புது எர்த் போடுவது பெரிய வேலை இல்லை. வாசலிலோ பின்பக்கத்திலோ கொஞ்சம் மண் இருந்தால் போதும். நம் பகுதி மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் ரீடிங் பெரும்பாலும் நன்றாகவே கிடைக்கும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. ஆனால் அதே உப்பு, இரும்புக் குழாயைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் சாதாரண ஜி.ஐ. குழாயைவிட செம்புப் பூச்சுள்ள ராடு போடுவது கடலோரத்தில் நல்லது. குழிக்கு மூடி வைத்துக் கட்டுங்கள், மேலே டைல்ஸ் ஒட்டவிடாதீர்கள். அங்கிருந்து மெயின் போர்டுக்கும், போர்டிலிருந்து ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பச்சை வயர் போக வேண்டும். குழி மட்டும் தோண்டிவிட்டு உள்ளே பச்சை வயர் இழுக்காமல் விட்டால் செலவு வீண்.

மூன்றாவது படி: ஆர்.சி.சி.பி.

"எம்.சி.பி. இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்காதவர்கள் இல்லை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. கீழே விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித உடம்பில் ஒரு ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு ஓடினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். அதைப்போல் சில மடங்கு போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். ஆள் ஒட்டிக்கொண்டு துடிக்கும்போது எம்.சி.பி. அப்படியே ஆனில்தான் இருக்கும்.

ஆர்.சி.சி.பி. பேசில் போகிற கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சமமாக இல்லையென்றால் நடுவில் எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, கரண்ட் மண்ணுக்குப் போகிறது. கண் இமைக்கிற நேரத்தில் அணைத்துவிடும். வாங்கும்போது மேலே 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டவையும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு நல்ல கம்பெனிப் பொருள் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அளவில் வந்துவிடும். வீட்டில் இதைவிடப் பயனுள்ள மூவாயிரம் ரூபாய்ச் செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

மாட்டிய அன்றே டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். பழைய வீட்டில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். இத்தனை நாளும் ஒளிந்திருந்த கோளாறு இப்போது வெளியே வருகிறது. அதைக் கழற்றிவிட்டு "மாடல் சரியில்லை சார்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஏதோ ஒரு பொருளில் லீக். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. கிரைண்டர், கீசர், பழைய பிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுக்க வேண்டும். ஏனென்றால் சுவிட்ச் பேசை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் வழியாக லீக் இருந்தால் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, இன்வெர்ட்டர். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் மாட்டும்போது பேஸ் மட்டும் தனியாக இழுத்து, நியூட்ரலைப் பழைய லைனிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆர்.சி.சி.பி. வழியாகப் போன கரண்ட் வேறு பாதையில் திரும்புகிறது, கணக்கு உதைக்கிறது, டிரிப் ஆகிறது. இதற்கு இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுப்பதுதான் வழி. பக்கத்து போர்ஷனின் நியூட்ரலும் உங்கள் நியூட்ரலும் ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவது, மழைக்காலத்தில் மட்டும் விழுவது. மொட்டைமாடி லைட், வாசல் காலிங் பெல், சுவர் ஓதம் இறங்கிய ஒரு ஜங்ஷன் பாக்ஸ், இவற்றைத் தேடுங்கள்.

டி.பி. பாக்ஸில் ஆர்.சி.சி.பி.யின் மேல் 'டி' (T) என்று போட்ட சின்ன பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றுங்கள். இந்த உப்புக் காற்றில் வருஷக்கணக்காக அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிவிடும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கையில் பேசும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நீங்களும் ஒரு பல்புதான். ஆகவே இது இருக்கிறதென்று லைனில் கை வைக்கிற தைரியம் வேண்டாம்.

நான்காவது படி: வயரும் லோடும்

ஒரு பொருளின் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் எடுக்கும். இண்டக்ஷன் ஸ்டவ்வை முழு வேகத்தில் வைத்தாலும் அதே அளவு. ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 4 சொச்சம். சாதாரண சீலிங் பேன் கால் ஆம்பியரைச் சுற்றித்தான். காலையில் உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். இந்தத் தாளை வயர்மேனிடம் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

லைட், பேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், சாதாரண பிளக் பாயிண்டுகளுக்கு ரெண்டரை ஸ்கொயர், ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக நாலு ஸ்கொயர், மெயினுக்கு ஆறோ பத்தோ ஸ்கொயர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக இருக்கும். எம்.சி.பி.யை வயருக்கு ஏற்ற மாதிரி போட வேண்டும்: ஒன்றரைக்கு 6 அல்லது 10 ஆம்பியர், ரெண்டரைக்கு 16, நாலுக்கு 20. "அடிக்கடி விழுது, 32 போட்டுடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், பீஸ் கட்டையில் தடித்த கம்பி கட்டியதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

ஏ.சி. பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியவர்களும் கவனியுங்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை விட்டு ராத்திரி முழுக்கத் தெருவில் சார்ஜ் போடுவது மழைக்காலத்தில் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து. வாசலில் மூடியுள்ள ஒரு 16 ஆம்பியர் பாயிண்டைத் தனி லைனாக இழுத்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். அதோடு புதுச் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றினால், இரண்டு உலோகமும் சேர்கிற இடம் ஈரக்காற்றில் அரித்துச் சூடாகும். அலுமினியம் இருந்தால் ஒட்டுப்போடாமல் முழு லைனையும் மாற்றுவதே மேல்.

சுவரை வெட்டி உள்ளே விடுவதா, கேசிங் பட்டையில் வெளியே விடுவதா? ராயபுரம், மின்ட் பக்கத்து மெட்ராஸ் டெர்ரஸ் வீடு என்றால் நான் கேசிங் என்றுதான் சொல்வேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைக் கட்டிங் மெஷினால் அறுத்தால் காரை உதிர்ந்துகொண்டே போகும். மேலே தேக்கு உத்தரமும் சட்டங்களும் ஓடுகிற வீட்டில், அந்த மரத்தின் மேலேயே பழைய வயர் ஆணியடித்து ஓடும். அந்த வயரைத்தான் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். காய்ந்த மரம், நொறுங்கிய உறை, லூஸ் கனெக்ஷன் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதைவிடத் தீ விபத்துக்கு வேறென்ன வேண்டும்? ஹவுசிங் போர்டு பிளாட்டுகளில் தளத்துக்குள் புதைத்த பைப் அடைத்துக்கொண்டிருந்தாலும் கேசிங்தான் வழி. பார்வைக்கு அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வயர் வாங்கும்போது பாரிமுனையோ உள்ளூர்க் கடையோ, பில் கேட்டு வாங்குங்கள். சுருள் 90 மீட்டர் இருக்கும். வயரின் மேலேயே கம்பெனி பெயர், அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் தொடர்ந்து அச்சாகியிருக்க வேண்டும். தீயில் எளிதில் பற்றாத எஃப்.ஆர். வகையைக் கேளுங்கள்.

ஈ.பி. ஆபீஸ் வேலைகள்

வீடு வாங்கியதும் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு லோடு கூட்டவோ திரீ பேஸ் கேட்கவோ போகும்போது அது இல்லாமல் நடக்காது. டான்ஜெட்கோ என்று நாம் சொல்லிப் பழகியது 2024-ல் பிரிக்கப்பட்டு, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. ரசீதில் வேறு பெயர் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஏ.சி., கீசர் என்று சேர்ந்துகொண்டே போனால் அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டுவதற்கு விண்ணப்பியுங்கள். இரண்டு ஏ.சி., கீசர், இண்டக்ஷன், மோட்டார் எல்லாம் இருக்கிற வீட்டுக்குத் திரீ பேஸ் கேட்பது நல்லது.

திரீ பேஸ் கட்டடத்தில் இருப்பவர்கள் ஒரு அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில லைட்டுகள் திடீரென்று பளீரென்று எரிந்து, பேன் பேய் வேகத்தில் சுற்றி, வேறு சில மங்கினால் பொது நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். என்ன ஏதென்று யோசிக்காமல் ஓடிப்போய் மெயினை அணையுங்கள். டி.வி., பிரிட்ஜ் எல்லாம் சில நொடிகளில் போய்விடும்.

ஒரே மீட்டரில் பல குடித்தனம்

மாடிப்படிக்குக் கீழே ஒரு மெயின் போர்டு, அதிலிருந்து நாலைந்து போர்ஷனுக்கு சப் மீட்டர். இந்த அமைப்பில் வாடகைக்கு இருப்பவர்கள் "இது ஓனர் வேலை" என்பார்கள், ஓனர் "வருஷக்கணக்கா இப்படித்தானே இருக்கு" என்பார். எர்த்தும் மெயின் போர்டும் ஓனர் செய்ய வேண்டியவைதான், அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவர் இழுத்தடித்தால், உங்கள் போர்ஷனின் நுழைவில் ஒரு சின்ன பாக்ஸில் ஆர்.சி.சி.பி. மாட்டிக்கொள்ள அவரிடம் அனுமதி மட்டும் கேளுங்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எர்த் இல்லாத வீட்டிலும் அது உயிரைக் காப்பாற்றும், லேசான ஷாக் ஒன்று அடித்த பிறகு என்றாலும்.

துணிக் கொடிக்குக் கம்பி கட்டாதீர்கள். சர்வீஸ் வயர் உரசுகிற இடத்தில் இரும்புக் கம்பிக் கொடி கட்டி, ஈரத் துணி காயப்போட்டு இறந்தவர்களைப் பற்றி நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். நைலான் கயிறு போதும்.

மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின்

பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொசஸ்தலை என்று நம்மைச் சுற்றித் தண்ணீர்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், மணலிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் வயரிங் மாற்றும்போது பிளக் பாயிண்டுகளை நாலு அடிக்கு மேலேயே வையுங்கள். மெயின் போர்டும் டி.பி. பாக்ஸும் அதைவிட உயரத்தில் இருக்கட்டும். மாடி வீடாக இருந்தால் தரைத்தளத்துக்குத் தனி சுவிட்ச் ஒன்றை மாடியில் வைத்துவிட்டால், கீழே தண்ணீர் வரும்போது மேலிருந்தே அணைக்கலாம்.

தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது என்றால் காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். ஏரியாவில் கரண்ட் கட் என்று தைரியமாக இறங்குவார்கள், இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். போர்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டால் அதன் அருகில் போகாதீர்கள், மின்னகத்துக்குச் சொல்லி லைனை வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள்.

தெருவில் இருக்கிற பில்லர் பாக்ஸை (மின்வாரியத்தின் கேபிள் பெட்டி) சுற்றித் தண்ணீர் நின்றால் பக்கத்தில் போக வேண்டாம், பிள்ளைகளை விடவே வேண்டாம். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்துபோனார்கள். மூடி திறந்த பில்லர் பாக்ஸையோ வெளியே தெரிகிற கேபிளையோ பார்த்தால் மழைக்கு முன்பே புகார் கொடுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள், சரியாகும் வரை விடாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு உடனே மெயினைப் போடக்கூடாது. வயர்மேன் மெகர் (வயர் உறையில் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டும் லைனுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டாம், இன்னும் காய விடுங்கள். நனைந்த பிளக் பாயிண்டைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்பார்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் அழுக்குத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால்

ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிப் பிரித்துவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. பாருங்கள். போர்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு 101.

வயர்மேனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வயர்மேனுக்கும் கான்ட்ராக்டருக்கும் அதுதான் சான்று கொடுக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாக வேலை கற்றவர் சந்தோஷமாகக் காட்டுவார். பேசும்போதே "எர்த் ரீடிங் எவ்வளவு வரும், எதை வெச்சுப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் வேலையும் தெளிவாக இருக்கும். மொத்தத் தொகையாகப் பேசாமல் பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி, சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

சுவரை வெட்டிப் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரிகிற மாதிரி போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அலமாரிக்கு ஆணியடிக்கும்போது எங்கே வயர் ஓடுகிறது என்று தெரியும். டி.பி. பாக்ஸில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் எதிரிலேயே அந்த 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள், எர்த் ரீடிங்கைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்கி பாக்ஸின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.